தடையும் இல்லை, அனுமதியும் இல்லை

ஜனவரி 11

மாப்பிள்ளைக்கு,

நேற்று வரை உங்கள் போனில் மணியாவது அடித்துக்கொண்டிருந்தது. இன்று அதுவும் இல்லை. என் எண்ணைத் தடுத்துவிட்டீர்கள் போலிருக்கிறது. உங்கள் முகவரியைத் தங்கச்சியிடம் கேட்டேன். உள்ளே போய் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு வந்து மேசைமேல் வைத்தாள். வாசல்வரை வரவில்லை. வருவாள் என்று நானும் எதிர்பார்க்கவில்லை.

உங்களை நலம் விசாரிக்கிற தகுதி எனக்கு இல்லை என்பது தெரியும். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். புதிய அதிபர் போன வாரம் ஓர் ஆணையில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அனுமதி ரத்தானவர்களை இனிமேல் விசாரணை இல்லாமலே நாட்டைவிட்டு அனுப்பலாமாம். உங்களைப்போல் தாமாகவே கிளம்பிப் போனவர்கள் பத்து வருடத்துக்கு உள்ளே கால் வைக்க முடியாது. மனுகூடப் போட முடியாது. உங்கள் மகள் வாலுவுக்கு இப்போது ஏழு வயது. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

இந்த ஆணையை எதிர்த்து வழக்குப் போடப்போகிறேன். நாடாளுமன்றத்தின் வழக்கறிஞர் பதவியை விட்டுவிட்டேன். இது உங்களுக்குச் செய்தியாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். வழக்குக்கு ஒரு மனுதாரர் வேண்டும். ஆள் வெளியே இருக்க வேண்டும், குடும்பம் உள்ளே இருக்க வேண்டும். நான் கேட்ட நாலைந்து பேர் பயந்துபோய்ப் பின்வாங்கிவிட்டார்கள். கடைசியாக உங்களைக் கேட்கிறேன். முதலில் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

விஷயம் என்னவென்றால், இப்படி ஒரு தடையைத் தன் இஷ்டத்துக்குப் போட அதிபருக்கு அதிகாரம் கிடையாது. சட்டம் இயற்றுவது நாடாளுமன்றத்தின் வேலை. இதை என்னால் நிரூபிக்க முடியும். ஏற்கெனவே ஒருமுறை நிரூபித்திருக்கிறேன்.

உங்கள் மச்சான்


ஜனவரி 26

மச்சானுக்கு,

கடிதம் வந்தது. முதலில் கிழித்துப் போடலாம் என்றுதான் எடுத்தேன். கவரில் உங்கள் தங்கச்சியின் கையெழுத்தும் இருக்குமோ என்று பிரித்துப் பார்த்தேன். இல்லை.

"ஏற்கெனவே ஒருமுறை நிரூபித்திருக்கிறேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். எழுதும்போது கை கூசவில்லையா? சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. நான் பாட்டுக்கு லிஃப்ட் ரிப்பேர் பார்த்துக்கொண்டு கிடந்தேன். நாலு வயதில் என் அம்மா என்னைக் காகிதம் இல்லாமல் எல்லை தாண்டிக் கொண்டுவந்தாள். அது அவள் செய்தது. அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள். அப்படிச் சின்ன வயதில் வந்தவர்கள் இங்கேயே இருந்து வேலை செய்துகொள்ளலாம் என்று பழைய அதிபர் ஒரு கையெழுத்துப் போட்டார். என் கைக்கு ஓர் அட்டை வந்தது. அதற்கப்புறம்தான் எனக்குப் பேங்க் கணக்கு, வண்டி ஓட்டும் உரிமம், உங்கள் தங்கச்சி எல்லாம். அந்தக் கையெழுத்து செல்லாது, நாடாளுமன்றத்தைக் கேட்காமல் அதிபர் இதைக் கொடுத்திருக்கக் கூடாது என்று ஒரு வக்கீல் எழுந்து நின்று வாதாடினார். அந்த வக்கீல் என் பெண்டாட்டியின் கூடப்பிறந்த அண்ணன்.

இதுகூடப் பெரிதில்லை மச்சான். ஊரில் எத்தனையோ வக்கீல், எத்தனையோ கேஸ். என்னால் தாங்க முடியாதது வேறு. அந்த வாரம் உங்கள் கோர்ட்டில் லிஃப்ட் மராமத்து. நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது மாடிக்குப் போகிற லிஃப்டைச் சோதனைக்கு நிறுத்தி வைத்திருந்தேன். நீங்கள் கறுப்பு அங்கியும் கட்டுக்கட்டாகக் காகிதமுமாகப் படியைப் பார்த்து மலைத்துப்போய் நின்றீர்கள். என் மச்சான் மூச்சு வாங்கிக்கொண்டு கோர்ட்டுக்குள் போகக் கூடாதே என்று லிஃப்டைத் திறந்து உங்களை ஏற்றினேன். காகிதக் கட்டில் பாதியை நான்தான் தூக்கி வைத்திருந்தேன். "என்ன மச்சான், பெரிய கேஸா?" என்று கேட்டேன். "கொஞ்சம் பெரிசுதான் மாப்பிள்ளை" என்றீர்கள். கதவு திறந்தது. "ஜெயிச்சிட்டு வாங்க" என்று சொன்னேன்.

என் கையால் நானே தூக்கிக்கொண்டு போய் இறக்கியிருக்கிறேன். சாயங்காலம் டிவியில் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். உங்கள் தங்கச்சி ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றுகொண்டிருந்தாள்.

இங்கே டயர் கடைக்கு மேலே ஓர் அறை. ரப்பர் வாசனை தலையணை வரைக்கும் வருகிறது. இது நான் பிறந்த நாடாம், அதிகாரிகள் சொல்கிறார்கள். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருக்கிறது. இந்த ஊர்ப் பேச்சு எனக்கு நாலு வயதோடு நின்றுவிட்டது. கடையில் போய்ச் சோப்பு கேட்டால் சுற்றி நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். மீசை வைத்த ஆள் குழந்தை மாதிரி மழலை பேசினால் சிரிக்கத்தானே செய்வார்கள்.

தும்பை விட்டுவிட்டு இப்போது வாலைப் பிடிக்க வருகிறீர்கள். என்னை வைத்து உங்கள் பேரைக் கழுவிக்கொள்ள வேண்டாம். வேறு ஆளைப் பாருங்கள்.

மாப்பிள்ளை


பிப்ரவரி 8

மாப்பிள்ளைக்கு,

நீங்கள் எழுதியதில் ஒரு வரியைக்கூட மறுக்க எனக்கு வழியில்லை. லிஃப்டில் நடந்ததை நீங்கள் சொன்னபடியே ஒப்புக்கொள்கிறேன். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். நீங்கள் "ஜெயிச்சிட்டு வாங்க" என்றபோது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். கதவு மூடிவிட்டது. இது சாக்கு என்று எனக்கே தெரிகிறது. கதவு மூடுவதற்கு முன்னால் மூன்று மாடி இருந்தது.

இப்போது என் பக்கம். நீங்கள் படிக்காமல் போனாலும் எழுதிவிடுகிறேன்.

அந்த அட்டை உங்கள் கைக்கு வந்த நாளில் நாம் எல்லோரும் உங்கள் வீட்டில் ஒன்றாகச் சாப்பிட்டோம். நான் அன்றைக்கே சொன்னேன், ஒருத்தர் கையெழுத்தில் வந்தது இன்னொருத்தர் கையெழுத்தில் போய்விடும், சட்டமாக வாங்கினால்தான் நிலைக்கும் என்று. "மச்சான், சாப்பிடும்போது சட்டம் பேசினா செரிக்காது" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பாயின்ட் மச்சான் என்று நீங்கள் எனக்குப் பட்டம் வைத்ததும் அன்றுதான். ஆனால் நான் சொன்னது பயந்து சொன்னது. நல்லது செய்ய ஒரு மனிதருக்கு வரம்பில்லாத அதிகாரத்தைக் கொடுத்தால், அவருக்குப் பிறகு அதே நாற்காலியில் யார் வந்து உட்காருவார் என்ற பயம். இப்போது வந்து உட்கார்ந்திருக்கிறார், பார்க்கிறீர்களே.

வழக்கு வந்தபோது நான் விலகியிருக்கலாம். சொந்தக்காரர் விஷயம் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும். விலகவில்லை. நான் போகாவிட்டால் வேறொருவர் போவார், அன்றைக்கே எல்லா அட்டையையும் ரத்து செய்யச் சொல்லுவார். நான் போனதால் நீதிபதிகளிடம் ஆறு மாதம் அவகாசம் கேட்டேன், கொடுத்தார்கள். அந்த ஆறு மாதத்துக்குள் நாடாளுமன்றம் அதையே சட்டமாக்கிவிடும் என்று என்னிடம் உறுதி சொல்லியிருந்தார்கள். மசோதாவை எழுதியதே நான்தான். உங்களை மனதில் வைத்துத்தான் எழுதினேன். மூன்றாவது பிரிவில் "தொழில்நுட்பப் பணியாளர்" என்று நான் போட்டது வேறு யாரையும் இல்லை. ஓட்டெடுப்பே நடத்தாமல் சபை கலைந்தது. மசோதா செத்தது.

உங்களிடம் முன்பே சொன்னால் நீங்கள் வருத்தப்படுவீர்கள், தங்கச்சி தடுப்பாள், நான் விலக நேரும். எல்லாம் முடிந்து சட்டம் வந்த பிறகு மொத்தமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். உங்கள் நன்மை எது என்று உங்களைவிட எனக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

தங்கச்சி என் வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். வாலு மட்டும் சனிக்கிழமைகளில் வருகிறாள். வந்தவுடன் அலமாரியில் ஏறுகிறாள். இறங்கச் சொன்னால் "எதுக்கு மாமா?" என்கிறாள். எதற்கெடுத்தாலும் எதுக்கு, ஏன். அவள் அப்பா புத்தி.

இந்த மாதக் கடைசிக்குள் மனு போட வேண்டும். என் பேரில் இருப்பது கழுவினால் போகிற அழுக்கு இல்லை. அதற்காகக் கேட்கவில்லை.

மச்சான்


பிப்ரவரி 19

மச்சானுக்கு,

போடுங்கள்.

உங்கள் கடிதத்தால் இல்லை. ஞாயிற்றுக்கிழமை உங்கள் தங்கச்சி போனில் பேசினாள். பத்து வருடத் தடையைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை. அவள் வேலை பார்க்கும் பரிசோதனைக் கூடத்தில் புது மெஷின் வந்திருக்கிறது, மாடிக் குழாய் ஒழுகுகிறது, வாலுவுக்கு முன்பல் விழுந்துவிட்டது, இப்படியே பேசிக்கொண்டு வந்தாள். பிறகு, "அந்தக் குழாய நீங்க வந்து பாத்தா போதும், நான் வேற ஆளக் கூப்பிடல" என்றாள்.

உங்கள் காரணங்களைப் படித்தேன். எல்லாம் நியாயமாகத்தான் இருக்கிறது, அதுதான் எரிச்சலாக இருக்கிறது. நீங்கள் ஒரு கெட்ட ஆளாக இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும், நாலு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். மூன்றாவது பிரிவில் என்னைப் போட்டீர்களாம். பிரிவில் போட்டதற்குப் பதில் ஒரு பேச்சு என்னிடம் சொல்லியிருக்கலாம்.

மனுவில் வாலு படம் போடக் கூடாது. பத்திரிகைக்காரர்கள் வீட்டு வாசலுக்குப் போகக் கூடாது. என்னைப் பாதிக்கப்பட்டவர், பரிதாபத்துக்குரியவர் என்றெல்லாம் எழுதாதீர்கள், லிஃப்ட் மெக்கானிக் என்று எழுதுங்கள். பிறகு ஒன்று. கோர்ட்டில் என்ன சொல்லப்போகிறீர்களோ அதை முதலில் எனக்குச் சொல்லுங்கள். இதை மட்டும் மீறினால் நீங்கள் எனக்கு மச்சான் இல்லை.

மாப்பிள்ளை


மார்ச் 30

மாப்பிள்ளைக்கு,

சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன்.

அடுத்த மாதம் நடுவில் வழக்கு விசாரணைக்கு வருகிறது. அன்று நான் சொல்லப்போவது இவ்வளவுதான். யாரை உள்ளே விடுவது, யாரை வெளியே வைப்பது என்ற விதியை நாடாளுமன்றம்தான் எழுத முடியும். அதிபர் அந்த விதியை நடத்தலாம், புதிதாக எழுத முடியாது. பத்து வருடம் என்பது எந்தச் சட்டத்திலும் இல்லை, அவர் பேனாவிலிருந்து வந்தது. விசாரணை இல்லாமல் அனுப்பலாம் என்பதும் அப்படித்தான். ஆகவே இரண்டும் செல்லாது. ஆதாரமாக நான் காட்டப்போவது உங்கள் அட்டையைப் பறித்த அதே தீர்ப்பு. இதைவிட வலுவான ஆதாரம் இல்லை.

இனிமேல் எழுதப்போவதை மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். நீதிபதிகளில் ஒருவர் நிச்சயம் ஒரு கேள்வி கேட்பார். "அதிபர் தடை போட முடியாது என்றால், அனுமதி கொடுக்கவும் முடியாதுதானே?" என்பார். "ஆமாம், முடியாது" என்றுதான் நான் சொல்லியாக வேண்டும். மழுப்பினால் என் வாதம் மொத்தமும் உட்கார்ந்துவிடும். ஆமாம் என்று சொன்னால், தடை போகும், ஆனால் உங்களை உள்ளே விடும்படி எந்த அதிபரையும் யாரும் கேட்க முடியாமல் போகும். நாளைக்கே ஒரு நல்ல மனிதர் அந்த நாற்காலிக்கு வந்தாலும் முடியாது. சட்டம் வர வேண்டும். சட்டம் எப்போது வரும் என்று இந்தமுறை நான் யாருக்கும் உறுதி சொல்ல மாட்டேன்.

ஜெயித்தால் உங்களுக்கு என்ன கிடைக்கும் என்று என்னை நானே கேட்டுப் பார்த்தேன். வர முடியாது என்று ஒருவரும் சொல்ல முடியாது. வாருங்கள் என்றும் சொல்ல முடியாது.

வேண்டாம் என்று எழுதுங்கள், மனுவைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். வக்கீலாகக் கேட்கவில்லை.

மச்சான்


ஏப்ரல் 7

மச்சானுக்கு,

போய்ப் பேசுங்கள்.

என்னோடு வேலை பார்த்த வெல்டர் உங்களுக்கு நினைவிருக்கும். வாலு பிறந்தநாளுக்கு ஊஞ்சல் அடித்துக் கொடுத்தவன். வண்டி நிறுத்துமிடத்தில் பிள்ளைகள் பார்க்கப் பார்க்க அவனைப் பிடித்துக்கொண்டு போனதைப் பார்த்துத்தான் நான் நானாகவே கிளம்பினேன். இப்போது தடுப்பு முகாமில் இருக்கிறான். விசாரணை இல்லாமல் சீக்கிரமே விமானம் ஏற்றிவிடுவார்கள் என்று அவன் பெண்டாட்டி சொல்லி அழுகிறாளாம். அவனுக்காவது நின்று பேச ஓர் இடம் கிடைக்கட்டும்.

எனக்கு வருத்தம் இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. ஆனால் இந்தமுறை என்னைக் கேட்டீர்கள். அது போதும் என்றும் எழுத வரவில்லை.

உங்கள் தங்கச்சியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவள் டிவியில் பார்க்க வேண்டாம்.

மாப்பிள்ளை


மே 21

மாப்பிள்ளைக்கு,

ஜெயித்துவிட்டோம். ஆணை செல்லாது. தடை இல்லை. விசாரணை இல்லாமல் யாரையும் அனுப்ப முடியாது. வெல்டர் நேற்று ஜாமீனில் வெளியே வந்து உங்களுக்குப் போன் செய்திருப்பார். முகாமில் இன்னும் நிறையப் பேர் வரிசையில் இருக்கிறார்கள். இளம் வக்கீல்கள் என்னைத் தூக்காத குறை.

விசாரணையன்று நான் சொன்ன கேள்வி வந்தது. வலப்பக்கம் இருந்த நீதிபதி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார். எனக்கு ஒரு நொடி மனம் தடுமாறியது. மழுப்பலாமா என்று தோன்றியது உண்மை. "கொடுக்கவும் முடியாது" என்று சொன்னேன். தீர்ப்பில் அதை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள். அதிபர் கதவைப் பூட்டவும் முடியாது, திறக்கவும் முடியாது என்று.

தீர்ப்பு நாளன்று வாசலில் கூட்டம் கலைந்த பிறகுதான் தங்கச்சியைப் பார்த்தேன். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்திருக்கிறாள். பரிசோதனைக் கூடத்து வெள்ளை அங்கியைக்கூடக் கழற்றாமல் வந்திருக்கிறாள். நீங்கள் போனதிலிருந்து என்னோடு பேசாதவள், நேராக என்னிடம் வந்தாள்.

"ஜெயிச்சிட்டீங்க அண்ணா. அவர் எப்ப வரலாம்?"

நான் முன்பே சொல்லியிருந்தேன். சொன்னதை அவள் நம்பவில்லை போலிருக்கிறது, அல்லது நம்பாமல் இருக்க விரும்பியிருக்கிறாள். மறுபடி விளக்கினேன். மனு வாங்கும் ஜன்னல் திறந்திருக்கும், ஆனால் அவருக்கென்று ஒரு மனு சட்டத்தில் இல்லை என்றேன். பெண்டாட்டி நான் இந்த நாட்டுக்காரிதானே என்றாள். காகிதம் இல்லாமல் நுழைந்தவருக்கு அந்த வழியும் கிடையாது, அது பழைய சட்டம், அதை மாற்றுவதும் நாடாளுமன்றம்தான் என்றேன். பேசப் பேச என் குரல் கோர்ட் குரலாகவே இருந்தது. அதை மாற்றத் தெரியவில்லை எனக்கு.

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. "ரெண்டு தடவை ஜெயிச்சிட்டீங்க அண்ணா. ரெண்டு தடவையும் நாங்கதான் தோத்துருக்கோம்" என்று மெதுவாகச் சொன்னாள். பிறகு, தன் வேலைக்கு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டதாகவும், பள்ளிக்கூட வருடம் முடிந்ததும் வாலுவைக் கூட்டிக்கொண்டு உங்களிடம் வரப்போவதாகவும் சொன்னாள். வீட்டை ஒழிக்க நான் வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள்.

உங்களிடம் இதை அவளே சொல்லியிருப்பாள். நான் எழுதக் காரணம், அவள் இந்த முடிவை எடுத்தபோது நான் ஒரு வார்த்தைகூட எதிர்த்து வாதாடவில்லை என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஆபரேஷன் வெற்றி, நோயாளி காலி என்று நீங்கள் சொல்வீர்கள். சொல்லுங்கள்.

மச்சான்


ஆகஸ்ட் 16

மச்சானுக்கு,

வந்து சேர்ந்துவிட்டார்கள். போன மாதமே எழுதியிருக்க வேண்டும், கை வரவில்லை.

டயர் கடை அறை மூன்று பேருக்குப் போதாது என்று பக்கத்துத் தெருவில் ஒரு வீடு பிடித்திருக்கிறேன். ஒரே அடுப்பு. ஒன்றை இறக்கினால்தான் ஒன்றை ஏற்ற முடியும். உங்கள் தங்கச்சிக்கு அவள் படித்த வேலை இங்கே இன்னும் கிடைக்கவில்லை. இந்த ஊர்ப் பேச்சு வந்தால்தான் எடுப்பார்களாம். பகலெல்லாம் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறாள். அவளை அப்படிப் பார்க்க எனக்கு மனம் கேட்கவில்லை. அங்கே இருந்தால் இந்நேரம் பரிசோதனைக் கூடத்துக்கே தலைவி ஆகியிருப்பாள். என்னால் அவளும் நாடு இழந்துவிட்டாள். இதை அவளிடம் சொன்னால் அடிக்க வருவாள், அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

எனக்கு ஓர் ஆஸ்பத்திரியில் லிஃப்ட் வேலை கிடைத்துவிட்டது. வாலு எங்கள் இரண்டு பேரையும் முந்திவிட்டாள். தெருப் பிள்ளைகளோடு சேர்ந்து கண்டபடி பேசுகிறாள். கடைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போய், "அப்பா, அப்படிச் சொல்லாதே, அது பாப்பா பேசறது" என்று எல்லார் முன்னாலும் திருத்துகிறாள். மானம் போகிறது. சிரிப்பும் வருகிறது.

இப்போது எழுத வந்த விஷயம். போன வாரம் சாப்பிடும்போது கேட்டாள், "மாமா ஏன் உனக்கு எதிராப் பேசினாரு?" என்று. யாரோ சொல்லியிருக்கிறார்கள், அல்லது நாங்கள் பேசியதைக் கேட்டிருக்கிறாள். உங்கள் தங்கச்சி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். நான்தான் மாட்டிக்கொண்டேன்.

மாமா எதிராகப் பேசவில்லை, ஒரு பெரிய மனிதர் தனியாக எல்லாவற்றையும் முடிவு செய்யக் கூடாது என்று பேசினார் என்று ஆரம்பித்தேன். அவர் இன்றைக்கு நல்லது செய்வார், நாளைக்கு வருகிறவர் கெட்டது செய்வார், அதனால் யாருக்கும் அவ்வளவு அதிகாரம் கொடுக்கக் கூடாது, அதனால்தான் வெல்டர் மாமா இப்போது வீட்டில் இருக்கிறார் என்றேன். சொல்லிக்கொண்டே போனேன். நடுவில்தான் உறைத்தது, நான் உங்கள் வாதத்தை உங்கள் பாயின்டோடு அப்படியே பேசிக்கொண்டிருக்கிறேன். என் வாயால் நானே. நம்பித்தான் பேசினேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

எல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப மாமா பேசினது சரியா?" என்றாள். சரிதான் என்றேன். "சரின்னா நாம ஏன் இங்க இருக்கோம்?" என்றாள்.

மாமாவுக்குத்தான் தெரியும் என்று சொல்லித் தப்பித்தேன். தினமும் கேட்கிறாள், மாமா எழுதினாரா, எழுதினாரா என்று. நீங்களே எழுதுங்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள், அதனால் பெரிய எழுத்தில் எழுதுங்கள். நீங்கள் என்ன எழுதினாலும் அதை நான் முதலில் படிக்க மாட்டேன். அவள்தான் படிப்பாள்.

மாப்பிள்ளை


செப்டம்பர் 2

வாலுக் குட்டிக்கு,

மாமா எழுதுகிறேன். உன் கேள்வியை உன் அப்பா எழுதி அனுப்பினார். நிறைய நாள் யோசித்தேன். கோர்ட்டில் பெரியவர்கள் கேட்கும் கேள்விக்கெல்லாம் மாமா உடனே பதில் சொல்லிவிடுவேன். உன் கேள்விக்கு முடியவில்லை. பெரிய வார்த்தைகளாகவே வருகிறது, அடித்து அடித்து எழுதுகிறேன்.

உன் அப்பா இங்கே இருக்கக் கூடாது என்று மாமா சொல்லவே இல்லை. இருக்கலாம் என்று ஒரே ஓர் ஆள் சொன்னார். ஓர் ஆள் சொன்னால் போதாது, எல்லாரும் சேர்ந்து சொல்ல வேண்டும், அப்போதுதான் யாராலும் அதை மாற்ற முடியாது என்று மாமா சொன்னேன். எல்லாரும் சொல்லுவார்கள் என்று நினைத்தேன். உன் அப்பாவை ஒருமுறை பார்த்தால் யார்தான் வேண்டாம் என்று சொல்லுவார்கள்? அப்படித்தான் நினைத்தேன். அவர்கள் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பேசாமல் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

அதனால் நீ அங்கே இருக்கிறாய். சரியாகப் பேசியும் இப்படி ஆகுமா என்று நீ கேட்பாய். ஆகிறது கண்ணு. மாமாவுக்கே இது இப்போதுதான் தெரியும். நான் மறுபடி அந்தப் பெரியவர்களிடம் போய்க் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வாரா வாரம் போகிறேன். உட்காரச் சொல்கிறார்கள், தேநீர் கொடுக்கிறார்கள், பார்க்கலாம் என்கிறார்கள். எப்போது சொல்லுவார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரியும் என்று உனக்குப் பொய் சொல்ல மாட்டேன்.

சனிக்கிழமை வந்தால் அலமாரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஏறி இறங்க ஆள் இல்லை. உன் அம்மாவை மாமா கேட்டதாகச் சொல். பேசாவிட்டாலும் பரவாயில்லை, சொல்.

நீ இன்னொரு கேள்வி கேட்பாய், எனக்குத் தெரியும். இவ்வளவு பேரை இப்போது கேட்கிறாயே மாமா, முதலில் யாரைக் கேட்டாய் என்பாய். நீதிபதிகளைக் கேட்டேன். நாடாளுமன்றத்துப் பெரியவர்களைக் கேட்டேன். என்னைவிடப் படித்தவர்களைத் தேடிப் போய்க் கேட்டேன். உன் அப்பாவை மட்டும் கேட்கவில்லை.

மாமா